காளியாயிக்கு ஒரு பிடி கொழுந்து

காளியாயி வீட்டில் குழம்பில் காரத்துக்கு ஒரு கொச்சிக்காய் இரவல் வாங்குவது லேசான காரியம் இல்லை. "நேத்துத்தானே சாப்புட்டீங்க, இன்னைக்கும் சாப்புடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். திறந்தாலும் சூம்பிப்போனதாகப் பார்த்து எடுத்து நீட்டுவாள். வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் மேட்டு லயத்து வீடுகளில் அவளிடம் ஏச்சு வாங்காத பெண்ணே கிடையாது. நான் கலியாணம் முடித்து வந்த அன்று, சாப்பாட்டுப் பந்தியில் என் இலையைப் பார்த்து, "றோலண்ட் சம்பளம் இவ சோத்துக்கே காணாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னவள் அவள். நான் அதை மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவாள்.

மலைக்குப் போனால் அதே காளியாயி வேறு ஆள்.

உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தாலோ காய்ச்சலோடு வந்திருந்தாலோ, எடை போடுகிற நேரத்துக்கு அவள் சாக்கு நிறையாது. சொன்ன எடை வராவிட்டால் அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். அதனால் தராசுக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவளும் பின்னால் நிற்பவளும் தங்கள் சாக்கிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். நன்றி என்று வாயைத் திறந்தால் ஏச்சு விழும். காளியாயிக்குப் பெரிய கை. அவள் ஒரு பிடி போட்டால் மற்றவர்கள் இரண்டு பிடி போட்ட மாதிரி. இந்த லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாய் வயிற்றில் இருக்கும்போதே காளியாயியின் கொழுந்தில் வளர்ந்தவர்கள்.

நான் கொழுந்து எடுக்கிறவள் இல்லை. என் புருஷன் றோலண்டுக்குத் தேயிலை ஆலையில் வேலை. எனக்குப் பிள்ளை, அடுப்பு, துணி, இவ்வளவுதான். ஆனால் லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கொத்தமல்லி அவிப்பார்கள். காளியாயி எனக்கு இடது கைப் பக்கச் சுவர். ஆகவே நான் சொல்வதில் கேள்விப்பட்டது கொஞ்சம், காதாலும் கண்ணாலும் அறிந்தது நிறைய.

அவள் புருஷன் சோலைமலை செடிக்கு மருந்தடிக்கிற வேலையில் இருந்தவர். நெஞ்சு கெட்டு, இருமி இருமிச் செத்துப்போனார். ஒரே மகள் சுதர்ஷினி. ஏ.எல். வரை பள்ளிக்கூடம் படித்து முடித்துவிட்டு இராகலையில் ஒரு போன் கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அன்றைக்கு மட்டும் காளியாயிக்கு மலை இல்லை என்பதால், மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போவதை வாசல் இஸ்தோப்பில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, "என்னா நடை இது, வாத்து மாதிரி" என்பாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் பேசுவாள்.

தோட்டத்தில் காம்பரா யாருக்கும் சொந்தம் இல்லை. குடும்பத்தில் ஒருத்தர் பேராவது தோட்டத்தில் இருக்கிறவரை இருக்கலாம். பேர் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எத்தனையோ வீடுகளில் தாய்க்கு வயது போனதும் மகளை இழுத்து வந்து மலை வேலைக்குப் பேர் கொடுக்க வைத்திருக்கிறார்கள். காளியாயி மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "என் பேரு இருக்கு. நான் சாகிற வரைக்கும் இருக்கும். அவ பேரு அங்க விழுகாது" என்பாள். அவள் வாழ்க்கையில் அவளாக முடிவெடுத்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் தொரைமார் எடுத்தது, சோலைமலை எடுத்தது, மழை எடுத்தது.

பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து எல்லாம் மாறப்போகிறது என்றார்கள்.

முதலில் தராசு மாறியது. மேசை மாதிரி ஒன்று, அதற்கு மேலே கூரையில் ஒரு சூரியத்தகடு. வெயிலில் தானாகச் சார்ஜ் ஏறும். கொழுந்து எடுக்கிற ஒவ்வொருத்திக்கும் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. சாக்கைத் தராசில் வைத்து அட்டையால் தொட்டால் கீங் என்று ஒரு சத்தம். அந்த எடை அந்த நிமிடமே கொழும்புக்குப் போய்விடும். பழைய தராசில் சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். அது நின்றது. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்ததாக வெயிலுக்கு வந்தார்கள். வட்டவளைப் பக்கம் போய் வெயிலில் கரண்ட் எடுக்கப்போகிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே துணி காயவே வெயில் கிடையாது. எங்கள் பக்கம் அப்படி இல்லை. அதிலும் மேட்டு லயம் இருக்கிற சரிவில் காலையிலிருந்து மாலைவரை விழும். அந்தச் சரிவு முழுக்கச் சூரியத்தகடு பதிக்கப்போகிறார்களாம். கரியும் இல்லை, புகையும் இல்லை, நாட்டுக்கு நல்லதாம். அதற்கு லயத்தை உடைக்க வேண்டும். பதிலுக்கு றோட்டோரம் புது வீடு. யாருக்கு? சிஸ்டத்தில் பேர் உயிரோடு இருக்கிற குடும்பங்களுக்கு. மே மாதக் கடைசியில் கொழும்பில் பார்ப்பார்கள். அதற்கு முந்திய மூன்று மாதமும் அட்டை ஒழுங்காகத் தராசைத் தொட்டிருக்க வேண்டும். தொடாத அட்டை செத்த அட்டை. புதிதாகப் பேர் கொடுக்கிறவர்களுக்கும் வீடு உண்டு, ஆனால் அவர்கள் ஐந்து வருடம் மலையை விட்டுப் போகக்கூடாது.

இதைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் வைத்துச் சொன்னார்கள். காளியாயி வந்து எனக்குச் சொன்னாள். "மூணு மாசந்தானே. முப்பது வருசம் போட்டவளுக்கு மூணு மாசம் என்னா கணக்கு."

மார்ச் மாதம் பிறந்த கையோடு, பீலியடியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் கொஞ்சம் வரும், கை வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் தூக்கி வந்து படுக்க வைத்ததும் அவள் முதலில் கேட்டது, "எங்க என் அட்டை?"

சுதர்ஷினி ஆணியில் தொங்கியதைக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நான் பேரு குடுக்கிறேன்மா."

"நீ பேரு குடுத்தன்னா இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"அம்மா."

"என்னா அம்மா. ஓடு கடைக்கு. பஸ் போயிரும்."

பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளை வெளியே வந்து என் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதது.

அன்று சாயங்காலம் அந்தோனியம்மா வந்தாள். அவள் காளியாயிக்கு அந்தப் பக்கத்துச் சுவர். எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. கோழிக்காகவும் சாமிக்காகவும் காளியாயியோடு வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறவள். செபம் முடித்த கையோடு உள்ளே வந்து, ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் தன் அட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டாள்.

"என்னாடி பண்றே?"

"சும்மா படுங்கக்கா. நீங்க போட்டதத் திருப்பிப் போடுறோம். எங்க மூத்தவன் வயித்துல இருந்தப்ப நீங்க போடலயா?"

"அது ஒரு பிடி. இது மூணு மாசம்டி."

"மூணு மாசமும் ஒரு பிடிதான். நாங்க இருவது பேரு இருக்கோம்ல."

தராசில் அட்டையை வாங்கித் தொடுகிறவன் ஜீவராஜ். எங்கள் லயத்தில்தான் பெண் எடுத்தவன். அந்தோனியம்மா இரண்டு அட்டையை நீட்டினதும் அவளை ஒரு பார்வை பார்த்தானாம். "எனக்கு அட்டையப் பாக்கிறதுதான் வேலை. மூஞ்சியப் பாக்கிறதுக்குச் சம்பளம் தரல" என்றானாம். கீங்.

பகலில் காளியாயியைப் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது. கழுவி, துடைத்து, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பேன். அதற்குக் கிடைத்த கூலி, "கஞ்சியில உப்பு இல்ல றொசானா. றோலண்ட் எப்புடித்தான் ஒன்னோட காலந்தள்றானோ." ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உப்புப் போட்டா ஒங்களுக்கு பிரஷர் ஏறும், ஏறினா நீங்க செத்துருவீங்க, எனக்கு வேலை மிச்சம், போடட்டுமா?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகக் குடித்தாள்.

சாயங்காலம் மலை இறங்கி ஆட்கள் வருகிற சத்தம் கேட்டால் அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அந்தோனியம்மா கூடையை இறக்கி வைத்த மறு நிமிடம் காளியாயி சுவரைத் தட்டுவாள்.

"அந்தோனியம்மா. இன்னைக்கி பேரா?"

"முழுப்பேருதாங்க்கா."

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீரைக் கையில் வாங்குவாள்.

ஏப்ரலில் நல்ல மழை. பிறகு நல்ல வெயில். கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பெண்களுக்குப் பயமும் வந்தது. மே மாதக் கடைசி நெருங்குகிறது, காளியாயி கணக்கில் குறைந்துவிட்டால் என்ன செய்வது? தன்னால் குறைந்தது என்று வரக்கூடாதே என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். ஒரு பிடி போட்டவள் ஒரு பை போட்டாள். கீழ் மலையில் எடுக்கிற கூட்டத்துக்கும் விஷயம் போய்விட்டது. அவர்களிலும் காளியாயி கொழுந்தை வாங்கியவர்கள் உண்டு. காலை எடைக்கு மேல் மலையில் தொட்ட அட்டை, மத்தியான எடைக்குக் கீழ் மலைக்கு இறங்கிப் போய்வந்தது. யாரும் யாரிடமும் எவ்வளவு என்று சொல்லவில்லை. பிடி போட்டவள் சொல்லக்கூடாது என்பதுதானே வழக்கம்.

பழைய நாளில் சாக்கு நிறைந்தால் கண்ணுக்குத் தெரியும். போதும் என்று கை தானாக நிற்கும். இந்தத் தராசில் நிறைகிற சாக்கு ஒன்று இல்லை. போட்டது எல்லாம் கொழும்பில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. அன்றன்றைக்கு விழுகிற எடையை மட்டும்தான் ஜீவராஜ் பார்ப்பான். கூடினால் யாருக்கு என்ன, குறைந்தால்தானே பயம் என்று அவனும் விட்டுவிட்டான்.

மே மாதம் ஒரு நாள் பெரட்டில், பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை சிரித்த முகத்தோடு வந்தார். சிங்களவர், எங்கள் தோட்டத்துக்குப் புதியவர், இன்னும் முகங்கள் தெரியாது. தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். சூரியத்தகட்டு வேலையைத் தொடங்க அடுத்த வாரம் பெரிய ஆட்கள் வருகிறார்கள், தோட்டத்திலேயே கூடுதலாகக் கொழுந்து எடுத்த பெண்தான் பட்டனை அமத்தப்போகிறாள், சிஸ்டமே ஆளைத் தெரிந்திருக்கிறது என்றார். கையிலிருந்த போனைப் பார்த்து வாசித்தார்.

"மேட்டு லயம், காளியாயி. முதல் இடம்."

 அந்தோனியம்மா கழுத்திலிருந்த இரண்டாவது அட்டையைச் சட்டைக்குள் தள்ளினாளாம்.

"எங்க காளியாயி?"

"காய்ச்சல் தொரே" என்றாள் ஒருத்தி. அதே நேரம் இன்னொருத்தி, "கினிகத்தேனைக்கிச் சாவு வீட்டுக்குப் போயிருக்காங்க தொரே" என்றாள்.

சின்னத்துரை சிரித்தாராம். "காய்ச்சலோட சாவு வீட்டுக்கா? நல்ல மனுசி."

அன்று சாயங்காலம் கூடையை இறக்காமலே எல்லோரும் காளியாயியின் காம்பராவில் வந்து நின்றார்கள். நிற்க இடம் இல்லாதவர்கள் இஸ்தோப்பில் நின்றார்கள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் காளியாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எவ்வளவுடி போட்டீங்க?"

"நான் ஒரு பிடிதாங்க்கா."

"நானும் ஒரு பிடிதான்."

"ஒரு பிடிக்குத் தோட்டத்துல மொத இடம் குடுக்கிறானா? மூதேவிகளா, பிடியா போட்டீங்க, மூட்டை மூட்டையாப் போட்டுருக்கீங்க."

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு காளியாயியே சிரித்தாள். "ரெண்டு கையும் நல்லா இருந்தப்ப ஒரு நாளும் மொத வரல. ஒரு கை போனதுக்கப்புறம் வந்துட்டேன். மத்தக் கையும் போனா பெரிய தொரையா ஆக்கிருவாங்க." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் காம்பரா சாவு வீடு மாதிரி ஆனது.

ஜீவராஜ்தான் வழி சொன்னான். கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போவோம், இடது கையால் பட்டனை அமத்தட்டும், வலது கை சுளுக்கு என்று சொல்லிவிடலாம். மாதம் முடிய ஒரு வாரம்தான். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. சுதர்ஷினி மட்டும், "நான் இப்பவே பேரு குடுத்துர்றேன், எல்லாரையும் மாட்டி விடாதீங்க" என்றாள். காளியாயி அவள் பக்கமே திரும்பவில்லை.

பட்டன் அமத்தும் நாள் வரை தொரைமார் காத்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பெண்கள் எல்லோரும் மலையில் இருக்கிற நேரம், சின்னத்துரை ஜீப்பில் லயத்துக்கே வந்துவிட்டார். கூடவே கொழும்பிலிருந்து நோனா என்று கூப்பிடுகிற ஒரு பெரிய இடத்துப் பெண், ஒரு கமராக்காரர். முதலிடம் வந்த பெண் எப்படி இருக்கிறாள், என்ன சமைக்கிறாள் என்று படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். தேயிலைப் பாக்கெட்டில் ஒரு கட்டம் இருக்குமாம். அதற்கு நேரே போனைப் பிடித்தால் காளியாயி முகம் தெரியுமாம்.

நான் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். காளியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பளி இடுப்புவரை இருந்தது. வலது கை கம்பளிக்குள்.

"காய்ச்சல் தொரே, அவங்களால முடியாது" என்றேன்.

"கொஞ்ச நேரம்தான். காளியாயி, நோனாவுக்குக் கொழுந்து எடுக்கிறது எப்பிடி, காட்டு."

நான் காளியாயியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கினாள். காற்றில் இருக்கிற கொழுந்தை இரண்டு விரலால் கிள்ளினாள், கிள்ளினாள், உள்ளங்கை நிறைந்த மாதிரி மூடி, தோளுக்குப் பின்னால் வீசினாள். இல்லாத கூடையில் அது விழுந்தது. நோனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிங்களத்தில் என்னவோ சொன்னாள்.

"இரண்டு கையாலயும் எடுக்கச் சொல்லுறாங்க" என்றார் சின்னத்துரை.

காளியாயி மறுபடி இடது கையால் கிள்ளினாள்.

"இல்ல, இல்ல. அந்தக் கையும்."

நான் குறுக்கே போய், "சுளுக்கு தொரே" என்று தொடங்கினேன். காளியாயி, "விடு றொசானா" என்றாள். இடது கையைக் கம்பளிக்குள் விட்டு, வலது கையை மணிக்கட்டில் பிடித்து வெளியே எடுத்து, மடியில் வைத்தாள். தூங்குகிற பிள்ளையை எடுத்து வைக்கிற மாதிரி.

"இது மார்ச்ல விழுந்துருச்சு தொரே."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். நோனாவிடம் இங்கிலீசில் இரண்டு வார்த்தை சொன்னார். நோனா காளியாயியின் தலையைத் தடவிவிட்டு, ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

ஜீப் போனதும் காளியாயி சொன்னாள், "அந்தப் பெட்டிய ஒன் புள்ளைகளுக்குக் கொண்டு போ. என் கண்ணுல படக்கூடாது."

மறுநாளே ஜீவராஜைத் தராசிலிருந்து எடுத்து மலையில் தண்ணீர்க் கான் வெட்ட அனுப்பினார்கள். தராசுக்கு மேலே ஒரு கமரா வந்தது. இனி அட்டையோடு முகமும் தெரிய வேண்டும். காளியாயியின் பேர் சிஸ்டத்திலிருந்து போய்விட்டது. அந்தோனியம்மா பெரட்டில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"கொழுந்து நல்ல கொழுந்துதானே தொரே? கல்லையா அள்ளிப் போட்டோம்? எங்க கொழுந்து, எங்க கை. ஒரு கிலோ பொய்னு சொல்லுங்க பாப்போம்."

"கிலோ சரி. ஆள் பிழை."

"ஆளு இருக்காங்களே. செத்தா போயிட்டாங்க? நீங்கதானே போய்ப் பாத்தீங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டாராம். பிறகு, "நான் பேரை வெட்டல்ல அந்தோனியம்மா. சிஸ்டம் வெட்டினது. வீட்டில் வேற ஆள் இருந்தா மாசம் முடிய முன்ன பேர் கொடுக்கச் சொல்லு. அது மட்டும்தான் எனக்கு முடியும்" என்றாராம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு மனம் ஆறியிருக்கும். முகம் இல்லாத ஒன்றை எப்படித் திட்டுவது?

அன்று சாயங்காலம் சுதர்ஷினி நேரத்தோடு வந்தாள். கையில் கடையில் அவள் வைத்திருந்த தேத்தண்ணீர்க் கோப்பையும் குடையும் இருந்தன. கடையை விட்டு நின்றுவிட்டாள் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இராகலையில ஒரு ரூம் எடுத்து அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனா என்னா?" என்று நான் கேட்டேன்.

"வாடகையக் குடுத்துட்டு மருந்து எதுல வாங்குறது அக்கா? நான் கடையில நிக்கிறப்ப அம்மாவ யாரு பொரட்டிப் போடுறது? அங்க நீங்க இருப்பீங்களா?"

நான் அவள் கையிலிருந்த குடையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

சுதர்ஷினி உள்ளே போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அம்மா, நாளைக்கிப் பேரு குடுக்கப் போறேன்."

கட்டில் கிரீச் என்றது.

"பேசுங்கம்மா."

"சொல்லிட்டேன்ல. நீ பேரு குடுத்தா இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"எந்த வீட்டுலம்மா குடிப்பீங்க?"



காளியாயி சொன்னதைச் செய்தாள். மறுநாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கஞ்சியைத் தள்ளிவிட்டாள், தண்ணீரைத் தள்ளிவிட்டாள். உதடு வெடித்துவிட்டது. எனக்கு இரக்கம் வருவதற்குப் பதிலாக ஆத்திரம் வந்தது.

"செத்துப்போங்க. நல்லதுதான். அந்தப் புள்ள அஞ்சு வருசம் மலையில நின்னு வாங்குற வீட்டுல யாரு இருக்கிறது? சூரியத்தகடா?"

கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு கோப்பைக்குக் கை நீட்டினாள். குடித்து முடித்து, "ஒன் வாய்க்கு றோலண்ட் இன்னும் உசுரோட இருக்கிறதே அதிசயம்" என்றாள். என்னிடம் பேசினாள். மகளிடம் பேசவில்லை.

பட்டனை வேறு ஒருத்தி அமத்தினாள். கீழ் மலைக்காரி. பாட்டு, பந்தல், கேக் எல்லாம் இருந்தது. அடுத்த நாளே சரிவில் கம்பிக்குத் தோண்டத் தொடங்கினார்கள். முதல் குழி காளியாயியின் போஞ்சிப் பாத்தியில் விழுந்தது. காய் பிடித்திருந்த கொடிகளை நான் ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தேன். கறி வைத்துக் கொடுத்தபோது, "முத்திருச்சு" என்றாள்.

சுதர்ஷினி முதல் நாள் மலைக்குப் போன காலை, தாயின் படங்கை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். கொழுந்து எடுக்கிறவர்கள் செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுகிற சாக்குத் துணி அது. அவள் இடுப்புக்கு இரண்டு சுற்று வந்தது. காளியாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சப்பாத்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மலையில் நடந்ததை அந்தோனியம்மா எனக்குப் பிறகு சொன்னாள். போன் பட்டனைத் தட்டின விரல் மத்தியானத்துக்குள் வெடித்துவிட்டதாம். தண்டையும் முற்றிய இலையையும் சேர்த்துச் சேர்த்துப் பறித்தாளாம். கடைசி எடைக்கு வரிசையில் நிற்கும்போது சாக்கு பாதிகூட இல்லை. அந்தோனியம்மா அவளுக்குப் பின்னால்தான் நின்றாள். கை தானாகத் தன் சாக்குக்குள் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது. அள்ளிய பிறகுதான் கமரா ஞாபகம் வந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததாம். முன்னால் நின்றவளும் கையைச் சாக்குக்குள் விட்டபடி அசையாமல் நின்றாளாம். வரிசை நகர்ந்தது. சுதர்ஷினி சாக்கை வைத்தாள், முகத்தைக் காட்டினாள். கீங். தராசில் தெரிந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். அந்தோனியம்மா பிடித்த பிடியைத் தன் சாக்கிலேயே திரும்பப் போட்டாள். "கையில இருந்த கொழுந்து கசங்கிப்போச்சு றொசானா" என்று மட்டும் சொன்னாள்.

நான் காளியாயிக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன நேரம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சுதர்ஷினி வாசலில் கூடையை வைத்துவிட்டு, உள்ளே வராமல் கால் கழுவப் போனாள். அந்தப் பக்கத்துச் சுவரில் கூடை இறக்குகிற சத்தம் கேட்டது. காளியாயி தேத்தண்ணீரை வாங்கவில்லை. இடது கையை நீட்டிச் சுவரைத் தட்டினாள்.

"அந்தோனியம்மா. புள்ளைக்கி இன்னைக்கி முழுப்பேரா, அரைப்பேரா?"

 சுதர்ஷினி கால் கழுவிவிட்டு வாசலில் வந்து நின்றாள். துணி சுற்றிய விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுப்பேருதாங்க்கா" என்றாள் அந்தோனியம்மா.

காளியாயி வாசலைப் பார்த்தாள். மகளின் காலைப் பார்த்தாள், கட்டியிருந்த படங்கைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மொத நாளே முழுப்பேரா? மெதுவா எடுக்கச் சொல்லு. போட்டோ புடிக்க வந்துருவாங்க."